நான் வாங்கக் கூடாத தட்டு

வாணி, அப்பா எழுதுகிறேன். போனில் அனுப்பினால் நீ படித்ததற்கு இரண்டு நீலக் கோடு மட்டும் வருகிறது, பதில் வருவதில்லை. குரலில் பேசி அனுப்பலாம் என்று காலையில் உட்கார்ந்தேன். பேசி முடித்துத் திரும்பப் போட்டுக் கேட்டால், கார்டைத் தட்டாமல் பஸ்ஸில் ஏறியவனை அதட்டுகிற டிரைவர் குரல்தான் கேட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். அதனால்தான் இந்தக் காகிதம். வருஷக்கணக்கில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து சிங்கப்பூர் முழுக்கப் பஸ் ஓட்டியவன் நான். இன்றைக்கு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இந்த முதல் பக்கத்தைத் தோ பாயோவில் நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் எழுதுகிறேன். பக்கத்து மேசைக்காரர் பேப்பர் படிக்கிற சாக்கில் எட்டி எட்டிப் பார்க்கிறார். அடுத்த பக்கத்தை எங்கே எழுதுவேன் என்று எனக்கே தெரியாது.

நாளைக் காலை நீ, வக்கீல் இல்லாமல் சின்னப் பண வழக்குகளைத் தீர்க்கிற சிறு கோரிக்கை மன்றத்துக்குப் போகிறாய். எதிர்ப்பக்கம் சிங்காரம் அண்ணன். லிட்டில் இந்தியாவில், தேக்கா மார்க்கெட் பக்கம் பலகாரக் கடை வைத்திருக்கிறவர், எனக்கு நீண்ட நாள் சிநேகிதர், நீ பேசத் தொடங்கிய நாளிலிருந்து பெரியப்பா என்று கூப்பிடுகிற மனிதர். அவர் கடைக்கு நீ வயரிங் செய்து கொடுத்ததில் ஐயாயிரத்து அறுநூறு வெள்ளி பாக்கி என்று நீ சொல்கிறாய். ஒரு காசு பாக்கி இல்லை, உன் அப்பாவிடம் பேசி முடித்தாயிற்று என்று அவர் சொல்கிறார். அதற்குச் சாட்சி நான்தானாம். நான் அவர் பக்கம் பேசினால், வாங்கிய பணத்தையே மறுபடி கேட்கிற பெண் என்று உனக்குப் பெயர் வரும். உன் பக்கம் பேசினால், தட்டு வாங்கிவிட்டு வார்த்தை மாறியவன் என்று எனக்குப் பெயர் வரும். "வர்றதுன்னா வாங்கப்பா. வந்தா நடந்ததை மட்டும் சொல்லுங்க" என்று நீ அனுப்பிய ஒரே செய்தியைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நடந்ததை முதலில் இந்தக் காகிதத்தில் சொல்லிப் பார்க்கிறேன். வாயில் வருவதற்கு முன் கையில் வருகிறதா என்று பார்க்கலாம். தீபாவளிக்கு முன்னால் சிங்காரம் அண்ணன் உனக்குப் போன் செய்யவில்லை, எனக்குத்தான் செய்தார். "தம்பி, உங்க பொண்ணு எலக்ட்ரிஷியன்தானே? பெரிய கரண்ட் அடுப்பையும் ஃபிரிட்ஜையும் சேத்துப் போட்டா பட்டுன்னு கரண்ட் டிரிப் ஆயிடுது. ஆர்டர் தலைக்கு மேல கிடக்கு. அனுப்பி வைங்க." அனுப்பி வைங்க என்றார், நானும் உன்னை அனுப்பி வைக்கிற இடத்தில் இருப்பவனைப் போல, "இன்னிக்கே வருவாண்ணே" என்றேன். நீ அன்றைக்கு வேறு எங்கோ வேலையில் இருந்தாய். அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. பெருமை யோசிக்க விடவில்லை. கடைக்கு உன்னோடு நானும் வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? உனக்கு உதவி செய்ய வரவில்லை. என் மகள் ஏணியில் ஏறுவதை நாலு பேர் பார்க்கும்போது நானும் அங்கே நிற்க வேண்டும் என்று வந்தேன்.

நீ கூரைக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாய். "பெரியப்பா, இது சும்மா பிரேக்கர் மாத்துற வேலை இல்ல. கிச்சன் லைன் பூரா புதுசா இழுக்கணும். கோட்டேஷன் அனுப்புறேன், பாத்துட்டு ஓகே சொல்லுங்க. டெபாசிட் போட்டாத்தான் கேபிள் வாங்குவேன்" என்றாய். அவர் உன்னைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "என்ன தம்பி, புள்ள ரொம்ப கண்டிஷனா இருக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உன் பக்கம் நின்று சிரித்திருந்தால் பரவாயில்லை. நான் அவர் பக்கம் சிரித்தேன். ஆறாயிரத்து இருநூறு என்று நீ விலை அனுப்பினாய், அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மையைப் பதிலாக அனுப்பினார், இரண்டாயிரம் டெபாசிட்டும் போட்டார். சுவரைத் திறந்தபோது பழைய வயரின் மேல்தோல் அப்பளம் மாதிரி நொறுங்கியதாம். இதையும் மாற்றாமல் மூடினால் என்றைக்காவது தீப்பிடிக்கும், கூட ஆயிரத்து நானூறு ஆகும் என்று நீ சொன்னாய். "போடும்மா, பாத்துக்கலாம்" என்றார். பாத்துக்கலாம் என்ற சொல்லை நீ நம்பவில்லை. தொகையை எழுதி அனுப்பி, மறுபடி அந்தக் கட்டைவிரல் வந்த பிறகுதான் சுவரில் கை வைத்தாய். இதில் நான் உனக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. உறவு முறை சொல்லிக் கூப்பிடுகிற கஸ்டமரிடம்தான் எழுத்தில் எல்லாம் இருக்க வேண்டும் என்று அப்பாவாகப் புத்தி சொல்ல வாயைத் திறந்தால், அதை நீ ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறாய்.

தீபாவளி முழுக்க அந்தக் கடையில் அடுப்பு ஒருமுறைகூட நிற்கவில்லை. அதைச் சிங்காரம் அண்ணனே என்னிடம் சொன்னார். ஆனால் பணம் மட்டும் நகரவில்லை. தீபாவளிக் கணக்கு முடியட்டும் என்றார். பிறகு பொங்கல் போகட்டும் என்றார். பொங்கல் போனதும் தைப்பூசம் வந்துவிட்டது. நம் பண்டிகைகளுக்கா பஞ்சம்? நீ ஒவ்வொரு முறையும் மரியாதையாக நினைவூட்டினாய். அவர் ஒவ்வொரு முறையும், "அப்பாகிட்ட பேசிக்கிறேன்மா" என்று எழுதினார். அதை நீ என்னிடம் காட்டியபோது, "பெரியவர் அப்படித்தான் பேசுவார், விடு" என்று சொன்னேன். அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். அவர் பேசிக்கொள்ளத்தான் போகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

தைப்பூசம் முடிந்த வெள்ளிக்கிழமை உன் அம்மா கற்பூரம் வாங்கி வரச் சொன்னாள். தேக்கா பக்கம் போனால் அண்ணன் கடையில் உட்காராமல் வந்ததில்லை. கல்லாவுக்குப் பக்கத்துப் பெஞ்ச் என் இடம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். இஞ்சி போட்ட தே ஹாலியா வந்தது, சூடாக மிக்சர் வந்தது. கோயில் வேலையில் கூடமாட நிற்கிற இருவர் எதிரே இருந்தார்கள். "தம்பி, உங்க பொண்ணு பில்லு பாத்தீங்களா? வெளியாளுக்குப் போடுற மாதிரி போட்டிருக்கு. நான் புள்ளகிட்ட போயி பேரம் பேச முடியுமா? நீங்க பெரியவங்க, ஒரு வார்த்தை சொல்லி முடிச்சு வைங்க லா" என்றார். எதிரே இருந்த இருவரும் என் வாயைப் பார்த்தார்கள். வாணி, அந்த நேரத்தில் எனக்குள் என்ன நடந்தது என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முகத்தாட்சண்யம் என்று சொல்லிப் பார்க்கிறேன், அது பாதிதான். மீதிப் பாதி ஆசை. நாலு பேர் நடுவில் ஒரு வழக்கை முடித்து வைக்கிற பெரிய மனிதனாக இருக்க ஆசை. "நமக்குள்ள என்னண்ணே. ஒரு ரவுண்டா நாலாயிரம் குடுத்து முடிச்சிடுங்க" என்று சொன்னேன். கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. வாய்க்கு அழகாக இருந்த எண்ணைச் சொன்னேன்.

அவர் உடனே எழுந்தார். உள்ளே போய் எவர்சில்வர் தட்டு ஒன்றில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், அதன் மேல் ஒரு கவர் வைத்துக் கொண்டுவந்தார். "மனசார வாங்கிக்கணும்" என்று இரண்டு கையாலும் நீட்டினார். நம் ஆட்களிடம் ஒரு பேச்சு முடிந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய முத்திரை ஏது? உன் கல்யாணமே ஒரு தட்டு மாற்றித்தான் உறுதியானது. தட்டை வாங்கியவன் பிறகு பேசக் கூடாது. அது தெரியாமல் நான் வாங்கவில்லை. தெரிந்துதான், எழுந்து நின்று, கையை நீட்டி வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எதிரே இருந்தவர்களில் ஒருவர், "இப்படி முடிக்கிறதுக்கு ஒரு மனசு வேணும்" என்றார். பஸ்ஸில் வரும்போது அந்த வார்த்தையை நினைத்து எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன்.

என் வீட்டுக்குப் போகாமல் நேராக ஆங் மோ கியோவுக்கு உன் வீட்டுக்கு வந்தேன். நல்ல சேதியைச் சூட்டோடு சொல்ல வேண்டும் என்று அவசரம். நீ அப்போதுதான் வேலை முடிந்து வந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாய். கவரையும் வாழைப்பழத்தையும் மேசையில் வைத்தேன். "இது என்னப்பா?" என்றாய். "சிங்காரம் அண்ணன் குடுத்தாரு. பேசி முடிச்சிட்டேன்." "எவ்வளவு?" "நாலாயிரம்." "மிச்சம்?" "விட்டுக் குடுத்தேம்மா." நீ காலுறையைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாய். "யாரோடதை விட்டுக் குடுத்தீங்க?" என்றாய். சத்தம்கூடப் போடவில்லை. எனக்கு வழக்கமாக வருவது வந்தது. கத்தினேன். ஆயிரத்து அறுநூறு வெள்ளிக்காக உறவை முறிச்சுக்குவியா என்று கேட்டேன். "நான் எதை முறிச்சேன்? வேலை செஞ்சேன், பில் போட்டேன். இது அவர் உங்ககிட்ட குடுத்த காசு. என்கிட்ட அவர் இன்னும் குடுக்கல" என்று சொல்லிக் கவரை என் கையிலேயே திரும்ப வைத்தாய். வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டாய், வீணாகப் போகும் என்று. அந்தக் கோபத்திலும் உனக்கு அது தோன்றியதே என்று லிஃப்டில் இறங்கும்போது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவளாவது என் பக்கம் இருப்பாள் என்று நினைத்தேன். "கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்சிட்டு வந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அந்தக் கவர் சாமி அலமாரிக்குக் கீழே இருக்கிறது. நான் பிரிக்கவில்லை. அம்மா அதைத் தொடுவதே இல்லை.

இப்போது நூலகத்துக்கு வந்துவிட்டேன். காப்பிக்கடை மேசைக்காரர் கடைசியில் கேட்டேவிட்டார், "யாருக்கு லெட்டர்?" என்று. இங்கே குளிர் அதிகம், ஆனால் எட்டிப் பார்க்க ஆளில்லை. இந்தப் பக்கத்தை என் தரப்பு நியாயத்துக்கு என்று ஒதுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். முழுப் பணத்தையும் கறாராகக் கேட்பது அற்பத்தனம், கொஞ்சம் விட்டுக்கொடுப்பது பெரிய மனம் என்றுதான் நான் நம்பி வந்திருக்கிறேன். அதை எழுதிப் பார்த்ததும் எனக்கே ஒன்று உறைத்தது. என் வேலைக்காலம் முழுவதும் சம்பளம் தானாக வங்கியில் விழுந்தது. ஒருவர் வாசலில் நின்று, என் கூலியைக் கொடுங்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டுக் காத்திருந்து, அவர் முகம் சுளிப்பதைப் பார்த்து, மறுநாள் மறுபடி போய்க் கேட்டதில்லை. கூலி கேட்கத் தெரியாதவன் கூலியைக் குறைக்க மட்டும் முந்திக்கொண்டேன். கேபிள், பிரேக்கர் மாட்டுகிற டிபி பாக்ஸ், சுவர் பூசியவருக்குக் கொடுத்தது எல்லாம் போனால் அந்த வேலையில் உனக்கு என்று மிஞ்சுவது ஏறக்குறைய நான் விட்டுக்கொடுத்த தொகைதான் என்று அம்மா சொன்னாள். அதாவது நீ அங்கே அத்தனை நாள் சும்மா வேலை செய்திருக்கிறாய், நான் சூடாக மிக்சர் சாப்பிட்டிருக்கிறேன்.

அதைவிட மோசமான ஒன்றையும் அம்மாதான் சொன்னாள், அடுப்பிலிருந்து திரும்பாமல். சிங்காரம் அண்ணன் கடைத் தெருவிலேயே புடவைக் கடை வைத்திருக்கிறவர் உன்னிடம் கடை முழுக்க விளக்கு மாற்றக் கேட்டிருந்தாராம். நீ விலை அனுப்பியதும், "உங்க அப்பாகிட்ட பேசிக்கிறேன்மா, அவரு நல்லா முடிச்சுக் குடுப்பாராமே" என்று எழுதியிருக்கிறாராம். அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படித்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, உன் பெயரைப் போட்டு ஒரு வேன் வாங்கினாய். அந்தத் தெருவில் இனி உன் விலையை என்னிடம்தான் கேட்பார்கள் என்றால் அந்த லைசென்ஸ் எதற்கு? நீ ஏன் முழுத்தொகைக்கும் வழக்குப் போட்டாய் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நாலாயிரத்தை எடுத்துக்கொண்டு மீதிக்கு மட்டும் கேட்டால், நான் முடித்துவைத்ததை நீயும் பாதி ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அண்ணனுக்கு உன் பிடிவாதம் பேராசையாகத் தெரிகிறது. எனக்கும் சில நாள் அப்படித்தான் தெரிந்தது.

நான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தபோது நடந்த ஒன்று இரண்டு நாளாக மனதில் சுற்றுகிறது. குறுக்கே வந்த சைக்கிள்காரனுக்காக பிரேக் போட்டேன், நின்றுகொண்டிருந்த பயணி ஒருவர் தடுமாறி என்னைத் திட்டி, பிறகு புகாரும் கொடுத்தார். பிரேக் போடாவிட்டால் சைக்கிள்காரன் போய்ச் சேர்ந்திருப்பான். என் சூப்பர்வைசர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் சார்பில் அந்தப் பயணியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார். "முடிச்சாச்சு லா, விடு" என்று என் தோளைத் தட்டினார், பெரிய உபகாரம் செய்தவர் மாதிரி. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்த நீ, "நீங்க தப்பு பண்ணலன்னா அவர் ஏன் சாரி சொன்னாரு?" என்று கேட்டாய். பெரியவங்க விஷயம் என்று வாயை அடைத்தேன். அந்தச் சூப்பர்வைசரை நான் ஓய்வு பெறும் நாள் வரை மன்னிக்கவில்லை, பிரிவு விருந்தில் கை கொடுக்கும்போதும் மன்னிக்கவில்லை. இப்போது கண்ணாடியில் முகம் சவரம் செய்யும்போது அந்த ஆள்தான் தெரிகிறார்.

உன் கல்யாணத்தையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மேடையில் நின்று, "பொண்ணு என்ன வேலை?" என்று என்னைக் கேட்டார். நான், "இன்ஜினியரிங் லைன்" என்றேன். மாலையும் கழுத்துமாகப் பக்கத்தில் நின்ற நீ, "எலக்ட்ரிஷியன், அங்கிள். வீட்டுல ஏதாச்சும் டிரிப் ஆனா கூப்பிடுங்க" என்றாய். அவர் வாய்விட்டுச் சிரித்தார், அடுத்த மாதமே கூப்பிடவும் செய்தார். எனக்குத்தான் அன்று முழுவதும் முகம் சுருங்கிக் கிடந்தது. உனக்கு அது தெரியும் என்று எனக்குத் தெரியும்.

இந்தக் கடைசிப் பக்கங்களைத் தேக்கா மார்க்கெட் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதறாதே, எதையும் செய்துவிடவில்லை. செய்யத்தான் வந்தேன். நூலகத்திலிருந்து வீட்டுக்குப் போய், சாமி அலமாரிக்குக் கீழே இருந்த கவரையும் நம் வீட்டு எவர்சில்வர் தட்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள், அவளிடமும் சொல்லவில்லை. இங்கே இறங்கி வெற்றிலை பாக்கு வாங்கினேன். வாங்கிய மாதிரியே திருப்பிக் கொடுப்பது, அதே பெஞ்சுக்கு முன்னால், நாலு பேர் பார்க்க, "அண்ணே, இது நான் வாங்கக் கூடாத தட்டு" என்று நீட்டிவிடுவது என்று திட்டம். வழியெல்லாம் வசனம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், தெருவில் கால் வைக்க இடமில்லை. கடைக்கு எதிர்ப்பக்கம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. என் திட்டத்தில் எல்லாரும் இருந்தார்கள். அண்ணன், பெஞ்ச், பார்க்கிற நாலு பேர், நான். நீ மட்டும் இல்லை. நாளைக்கு உன் வழக்கு. அந்தப் பணம் எங்கே இருக்க வேண்டும், யார் கையில் எப்போது போக வேண்டும் என்பதில் உனக்கு ஒரு கணக்கு இருக்குமே. அதை ஒரு வார்த்தை கேட்காமல் மறுபடி நான் பைசல் பண்ணக் கிளம்பி வந்திருக்கிறேன்.

திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார். "தம்பி, ஏன் அங்கயே நிக்கிறீங்க, வாங்க வாங்க!" என்று ரோட்டுக்கே வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். தே ஹாலியா வந்தது. அவர் முகமும் வாடித்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. "நான் யாரையும் ஏமாத்துறவன் இல்ல தம்பி. உங்களுக்குத் தெரியும். பெரியவங்க பேசி முடிச்சதைப் புள்ள கோர்ட்டு வரைக்கும் இழுக்குது. எனக்கு அவமானமா இருக்கு" என்றார். அவர் அதை நம்பித்தான் சொல்கிறார், வாணி. நான் கொடுத்த வார்த்தையைத்தான் அவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். பிறகு என் முழங்கையைத் தொட்டு, "நாளைக்கு வந்து, பேசி முடிச்சாச்சுன்னு ஒரே வார்த்தை சொல்லுங்க. போதும். நம்ம வாணிக்கு நானே இன்னும் நாலு கடை வேலை வாங்கித் தர்றேன்" என்றார். நாலு கடை என்றதும் என் மனம் ஒரு துள்ளு துள்ளியது, மறைக்கவில்லை. பாத்துக்கலாம்ணே என்ற சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. வழக்கமாக அங்கிருந்து அது வெளியே குதித்துவிடும்.

"நான் வாணியைக் கேக்கணும்ணே" என்றேன். அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை போல. "என்ன?" என்றார். "இது அவ வேலை, அவ காசு. அவளைக் கேக்காம நான் எதுவும் சொல்ல முடியாது. அன்னிக்கும் கேட்டிருக்கணும்." கல்லாவில் இருந்தவர் சிரித்தார், பலகாரம் வாங்க நின்ற ஒருவரும் சிரித்தார். "பொண்ணுகிட்ட பெர்மிஷன் கேக்கணுமாம் லா" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். சிங்காரம் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நீங்க அன்னிக்கு வாங்கின தட்டு?" என்று மெதுவாகக் கேட்டார். "அதுக்கும் அவதான் பதில் சொல்லணும்ணே" என்று எழுந்துவிட்டேன். தேத்தண்ணீர் அப்படியே இருந்தது. இனி அந்தப் பெஞ்சில் எனக்கு இடம் இருக்குமா தெரியவில்லை. கஷ்டமாகத்தான் இருக்கிறது. எனக்கு வெளியில் இருந்த ஒரே வீடு மாதிரி அந்த இடம்.

இதை முடித்ததும் ஆங் மோ கியோவுக்கு வந்து உன் கேட்டில் செருகிவிட்டுப் போய்விடுவேன். மணி அடிக்க மாட்டேன். அடித்தால் நீ திறப்பாய், நான் பேசுவேன், பேசினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கவர் பிரிக்காமல் என்னிடமே இருக்கிறது. நாளைக்குக் கொண்டு வருவதா, அவரிடமே திருப்பிக் கொடுப்பதா, வேறு ஏதாவது செய்வதா, நீ சொல்கிறபடி. நான் வருவதா, வீட்டிலேயே இருப்பதா, அதுவும் நீ சொல்கிறபடி. வரச் சொன்னால் வந்து ஓரமாக உட்காருகிறேன். கேட்டால் மட்டும் பேசுவேன். தட்டை வாங்கினேன் என்று சொல்வேன். வாங்க எனக்கு உரிமை இல்லை, என் மகளை நான் கேட்கவில்லை என்று அண்ணன் முகத்தைப் பார்த்தே சொல்வேன். அவர் முகத்தைப் பார்க்கும்போது என் குரல் நடுங்கினால் நீ கண்டுகொள்ளாதே. நீ என்னோடு பேசாமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை, அதற்காக இதைச் செய்கிறேன் என்று நினைத்துவிடாதே. அதற்காகவும்தான். ஆனால் நீ அதற்குப் பிறகும் பேசாவிட்டாலும் இதையேதான் சொல்வேன்.

வாங்கிய வெற்றிலை பையிலேயே வாடிக்கொண்டிருக்கிறது. அம்மாவிடம் கொடுத்தால் சாமிக்கு வைப்பாள், எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டு ஒரு அர்ச்சனையும் நடத்துவாள். வெயில் சாய்கிறது, பஸ்ஸில் கூட்டம் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டும். மன்றத்தில் உள்ளே விடுவதற்கு முன் நீங்கள் யார் என்று ஒவ்வொருவரையும் கேட்பார்கள் என்று மாப்பிள்ளை அம்மாவிடம் சொன்னாராம். பஸ் டிரைவர் என்று சொல்வதா, சாட்சி என்று சொல்வதா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். எலக்ட்ரிஷியனோட அப்பா என்று சொல்லலாம் என்று இருக்கிறேன், நீ சரி என்றால்.